ஜரிகையும் கித்தார் நரம்பும்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் படவேட்டுக்கு வந்து நின்றவர்க்கு, இசைக்கும் கூட்டத்துக்கும் உள்ள உறவை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபுறம் பம்பை முழங்கும். மறுபுறம் உடுக்கை பேசும். ரேணுகாம்பாள் கதையைப் பாடுவோர் குரல் வண்டியோசையையும் மீறி எழும். சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்டு ஆண்ட இம்மண்ணில் இசை என்றால் பெருங்கூட்டம், பெருமுழக்கம், திறந்தவெளி என்றே நாம் பழகியிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான ஓர் இசைக் கூட்டத்தை இப்போது எண்ணிப் பாருங்கள். ஓர் அறை. நாற்பது பேர். ஒலிபெருக்கி இல்லை. மேடையில் ஒருவர் ஒரு நாற்காலியில் அமர்ந்து, இடது பாதத்தைச் சிறு மணையொன்றின்மேல் ஊன்றி, மடியில் ஒரு கித்தாரை வைத்திருக்கிறார். அவர் விரல் தந்தியைத் தொடும் முன்பே அறை மூச்சடக்கிக் கொள்கிறது. யாரேனும் இருமினால் இசையில் ஓர் ஓட்டை விழுந்து விடும். செவ்வியல் கித்தார் அரங்கு என்பது இதுதான். இப்படிப்பட்ட அரங்குகளையும், அவற்றைக் கட்டிக் காக்கும் கித்தார் வட்டங்களையும் பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆரணிப் பட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் சற்றே பொறுத்தருள்க, தொடர்பு உண்டு.

செவ்வியல் கித்தார் என்பது யாது?

கித்தார் என்றதும் நம் கண்முன் வருவது மெல்லிசை மேடை. அங்கே ஒலிப்பது பெரும்பாலும் உலோகத் தந்தி பூட்டிய கித்தாரோ மின் கித்தாரோ ஆகும். செவ்வியல் கித்தார் அவற்றின் உடன்பிறப்பே எனினும் குணத்தால் வேறுபட்டது. இதற்கும் ஆறு தந்திகளே. ஆயினும் மேல் மூன்றும் வெறும் நைலான் இழைகள். கீழ் மூன்றும் மெல்லிய இழைக் கற்றையின்மேல் உலோகக் கம்பி சுற்றியவை. மீட்டுவதற்குத் தகடு கிடையாது. வலக்கை விரல் நுனியும் நகமுமே கருவி.

இதன் தனிச்சிறப்பு யாதெனில், ஒருவரே பலராக வாசிப்பது. கட்டை விரல் மந்தர ஒலியை நடத்திச் செல்ல, நடுத் தந்திகளில் துணை ஒலி அசைய, மேல் தந்தியில் பாட்டின் உரு தோன்றும். ஸ்பெயின் நாட்டு பிரான்சிஸ்கோ தார்ரெகா (1852-1909) இயற்றிய ‘அல்ஹம்பிரா நினைவுகள்’ என்னும் உருப்படியில் மூன்று விரல்கள் ஒரே சுரத்தை விரைந்து மாறி மாறித் தொட, அது அறுபடாத ஒரே நீள ஒலியாகக் காதில் விழுகிறது. கட்டை விரலோ கீழே வேறொரு நடையில் சென்றுகொண்டிருக்கிறது. முதன்முறை கேட்பவர் இருவர் வாசிக்கிறார்கள் என்றே எண்ணுவர்.

பெட்டியும் மரமும்

இன்று நாம் காணும் செவ்வியல் கித்தாருக்கு வடிவம் தந்தவர் ஸ்பெயினில் வாழ்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) என்னும் தச்சர். கித்தாரின் உயிர் அதன் முகப்பலகையில் இருக்கிறது என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க 1862இல் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையாலேயே செய்து, முகத்துக்கு மட்டும் நல்ல மரம் இட்டு ஒரு கித்தாரை உருவாக்கினார். அதுவும் இனிதே ஒலித்தது! முகப்பலகையின் உட்புறம் விசிறிபோல் விரித்து ஒட்டிய மெல்லிய சட்டங்கள் அவர் செம்மைப்படுத்திய முறையாகும்.

முகத்துக்கு ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் என்னும் குளிர்நாட்டு மரம். முதுகுக்கும் பக்கங்களுக்கும் உலகெங்கும் பெரிதும் பயன்படுவது எது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்! முன்னர் பிரேசில் நாட்டு மரமே உயர்ந்ததெனக் கருதப்பட்டது. அது அருகிப் போய், 1992இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கடுந்தடையும் வந்தபின், ஈட்டியின் மதிப்பு மேலும் உயர்ந்தது. ஆகவே அயல்நாட்டு மேடையில் ஒலிக்கும் பல கித்தார்களுக்குள் நம் மலைக்காட்டின் ஒரு துண்டு ஒளிந்திருக்கிறது எனலாம்.

நரம்பின் கணக்கு

இனிப் பட்டுக்கு வருவோம். அதற்கு முன் சிறிது இயற்பியல் தேவை.

கித்தாரின் தந்தி நீளம் பொதுவாக 650 மில்லிமீட்டர். அதன் முதல் தந்தி நொடிக்கு 329.6 முறை அதிர்கிறது; ஆறாம் தந்தி 82.4 முறை. அதாவது சரியாக நான்கில் ஒரு பங்கு. இரண்டு ஸ்தாயி கீழே. நீளமும் இழுவிசையும் மாறாதிருக்க, அதிர்வெண் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டுமாயின் தந்தியின் எடை, அலகு நீளத்துக்குப் பதினாறு மடங்காக வேண்டும். அதே பொருளால் தந்தியைப் பருமனாக்கி இதைச் செய்ய முயன்றால் விட்டம் நான்கு மடங்காகும். முதல் தந்தியின் விட்டம் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர், எனவே ஆறாம் தந்தி 2.8 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அது தந்தியன்று, கயிறு! கயிற்றை மீட்டினால் ‘தொப்’பென்று ஒலிக்குமேயன்றி இசை எழாது. ஏனெனில் தடித்த தந்தி விறைப்பாக இருக்கும்; வளைந்து கொடுக்காது.

எடையும் வேண்டும், வளைவும் வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்த்த வழிதான் வியப்புக்குரியது. நடுவில் மெல்லிய, வளையும் இழைகளை வைத்து, அதன்மேல் நுண்ணிய உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிவிட்டால், எடையை உலோகம் தரும். வளைவை இழை காக்கும். லண்டனில் ஜான் பிளேஃபோர்டு 1664இல் வெளியிட்ட இசை நூற்பதிப்பிலேயே குடல் நரம்பின்மீதோ பட்டின்மீதோ கம்பி சுற்றிய புதுவகைத் தந்தி பற்றிய குறிப்பு காணப்படுகிறது. பின்னர் ஆறு தந்திக் கித்தார் 1800ஐ ஒட்டிப் பரவியபோது, மேல் மூன்று தந்திகளுக்கு ஆட்டுக் குடலும், கீழ் மூன்று தந்திகளுக்குப் பட்டின்மேல் சுற்றிய கம்பியும் வழக்கமாயின.

பட்டின்மேல் சுற்றிய கம்பி! ஆரணி வட்டாரத்து நெசவாளர் வீட்டில் பிறந்த எவருக்கும் இது புதிய செய்தியா? ஜரிகை என்பதும் அதுவேயன்றோ? நடுவே பட்டு நூல். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பிச் சுற்று. அதற்கும் மேலே பொன் முலாம். ஸ்பெயினில் கித்தாரின் மந்தரத் தந்தியைச் செய்தவனும் இங்கே ஜரிகை இழையைச் செய்தவனும் ஒருவரை ஒருவர் அறியார். ஆனால் இருவர் கையும் ஒரே வேலையைச் செய்தன. ஒருவன் கண்ணுக்காகச் சுற்றினான். மற்றவன் காதுக்காகச் சுற்றினான்.

பட்டு இசை நரம்பானது மேற்கில் மட்டுமன்று. சீனத்தின் கு-சின், ஜப்பானின் கோட்டோ ஆகிய கருவிகளுக்கு நூற்றாண்டுகளாக முறுக்கிய பட்டே தந்தி. நாமோ யாழின் தந்தியையே ‘நரம்பு’ என்று வழங்கிய மக்கள். அந்த யாழ் வழக்கொழிந்து போக, அதன் இலக்கணத்தை மீட்டெடுக்கச் சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட வேண்டியதாயிற்று. கருவி அழிவது எளிது. மீட்பது கடினம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பட்டு போய் நைலான் வந்தது

1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது குடல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டது. ஜப்பானியப் பட்டின் வரத்தோ நின்றது. கித்தார்க் கலைஞர்கள் தந்தியின்றித் தவித்தனர். அப்போது நியூயார்க்கில் கருவிகள் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையைக் கித்தாரில் பூட்டிப் பார்த்தார். ஸ்பானியக் கித்தார் மேதை ஆந்த்ரே செகோவியா (1893-1987) அதைக் கேட்டு ஏற்றுக்கொள்ள, 1940களின் இறுதியில் நைலான் தந்தி கடைக்கு வந்தது. கீழ்த் தந்திகளின் நடுவிலிருந்த பட்டுக்கும் மாற்றாக நைலான் இழைக் கற்றை இடம்பெற்றது. பட்டு விடைபெற்றது.

நெசவு ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது மனம் சிறிது கனக்கத்தான் செய்கிறது. செயற்கை இழைமேல் சுற்றிய மலிவு ஜரிகையும் விசைத்தறியும் நம் தறிக்குழிகளுக்கு என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. குடல் நரம்பு ஈரக் காற்றில் ஊதும், வறண்டால் அறும், விலையும் மிகுதி. நம் நாட்டு வெப்பத்திலும் மழையிலும் அது நிலைத்திருத்தல் அரிது. நைலான் வந்ததனால்தான் செவ்வியல் கித்தார் ஏழை மாணவன் கைக்கும் எட்டிற்று. இழப்பும் பேறும் ஒரே நூலின் இரு முனைகளாக வந்தன. பொருள் மாறிய பின்னும் கலை நிலைத்தது. ஏன் நிலைத்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய கேள்வி.

அரங்கின் இயல்பு

செவ்வியல் கித்தாரின் ஒலி சிறியது. வயலினோ நாகசுரமோ போல நெடுந்தொலைவு செல்லாது. தார்ரெகா பெரிய மண்டபங்களைவிட நண்பர் வீட்டுக் கூடங்களில் சிலர் சூழ வாசிப்பதையே விரும்பினார். அவர்க்குப் பின்வந்த செகோவியா 1909இல் கிரனாடாவில் தம் முதல் கச்சேரியை நிகழ்த்தி, 1924இல் பாரிசில் புகழ்பெற்று, பெரிய அரங்குகளிலும் ஒலிபெருக்கியின்றியே வாசித்தார். ஆயிரம் பேர் இருந்தாலும் கூட்டம்தான் கித்தாரை நோக்கி அமைதியடைய வேண்டுமேயன்றி, கித்தார் கூட்டத்தை நோக்கிக் கத்தலாகாது என்பது அவர் துணிபு. யோகான் செபாஸ்தியன் பாக் வயலினுக்கு எழுதிய ‘சகோன்’ என்னும் பெரும்படைப்பை 1935இல் பாரிசில் கித்தாரில் அவர் வாசித்தபின், இது மதுக்கடை வாத்தியம் என்ற ஏளனம் ஓய்ந்தது. 1940இல் பார்சிலோனாவில் அரங்கேறிய ஹோவாகின் ரோத்ரிகோவின் ‘அரான்ஹுவெஸ்’ இசைக்கோவை, கித்தாரைப் பல்லியக் குழுவின் நடுவே சரியாசனத்தில் அமர்த்தியது.

வட்டத்தின் வலிமை

மேதைகளால் மட்டும் ஒரு கலை வாழாது. கேட்போரும் கற்போரும் கூடும் இடம் வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் வாடா ஆல்காட் பிக்ஃபோர்டு என்னும் அம்மையார் 1923இல் கித்தார்ச் சங்கம் கண்டார். லண்டனில் 1929இல் போரிஸ் பெரோட் என்பவர் தலைமையில் கித்தார்க் கலைஞர் கழகம் தோன்றியது.

அக்கழகத்தின் கூட்டங்களுக்குத் தந்தையின் கைப்பிடித்து வந்த சிறுவன் ஒருவன் பெயர் ஜூலியன் பிரீம் (1933-2020). 1947இல் தன் பதின்மூன்றாம் வயதில் செல்ட்டனம் நகரில் அவன் கச்சேரி நிகழ்த்தினான். பின்னர் லண்டன் அரசு இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே கித்தார் ஒரு பாடமாகவே இல்லை. பியானோவும் செல்லோவும் பயில வேண்டியதாயிற்று. கல்லூரி தராத இடத்தை ஒரு சிறு வட்டம் தந்தது. அந்தச் சிறுவன் பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த கித்தார்க் கலைஞர்களுள் ஒருவரானார். கல்லூரி மாணவராகிய நாம் இதை நெஞ்சில் இருத்துதல் நலம்.

இத்தகைய வட்டங்களின் நடைமுறை மிக எளியது. திங்களுக்கு ஒருமுறை ஓர் அறையில் கூடுவர். முதலில் கற்றுக்குட்டிகள் ஆளுக்கொரு சிறு உருப்படி வாசிப்பர். பிழை வரும், ஆனால் எவரும் நகைப்பதில்லை, ஏனெனில் அடுத்த முறை தமக்கும் வரும். பிறகு இருவர், நால்வர் சேர்ந்து வாசிப்பர். இசைத்தாள்கள் கைமாறும். எந்தத் தந்தி நன்று, நகத்தை எப்படி அரம் இடுவது என்பன போன்ற பேச்சு நடக்கும். வெளியூர்க் கலைஞர் வந்தால் மாலையில் கச்சேரியும் மறுநாள் எல்லார் முன்னிலையிலும் பாடமும் உண்டு. ஒருவர்க்குச் சொல்லும் திருத்தம் இருபது பேருக்குப் பயன்படும்.

நம் நாட்டில்

நம் நாட்டில் கித்தாரின் வரலாறு இரு கிளையாகப் பிரிந்தது. ஒன்று, மடியில் படுக்கவைத்து உலோகத் துண்டால் வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கித்தார். 1940களில் கொல்கத்தாவில் வாழ்ந்த தௌ மோ போன்ற கலைஞர்களால் அது வேரூன்றிற்று. பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி மேடைக்கு ஏற்றினார். அதில் மாற்றங்கள் செய்து ‘மோகன வீணை’ ஆக்கிய விசுவ மோகன் பட் 1994இல் கிராமி விருது பெற்றார். மற்றொன்று, நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் ‘ஸ்பானிஷ் கித்தார்’.

வயலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை வடிவேலு ஆகியோரால் கருநாடக இசையில் கலந்துவிட, கித்தார் மட்டும் ஏன் வாசலிலேயே நின்றது? காரணம் மெட்டுகளில் இருக்கிறது. வயலினில் மெட்டு இல்லை. விரல் வேண்டிய இடத்தில் நிற்கும், வழுக்கும். கித்தாரின் மெட்டுகளோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக் கூறாக்கிப் பதித்தவை. எஞ்சிய தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும். முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரில், பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியான 325இல். இக்கணக்கில் கமகத்துக்கு இடமில்லை. வீணைக்கும் மெட்டு உண்டே எனலாம். ஆனால் வீணையின் மெட்டுகள் உயர்ந்து நிற்பவை. தந்தியை அகலமாக இழுத்து அசைக்க இடம் தருபவை. இத்தடையை மின் கித்தாரில் வென்று கருநாடக இசையை வாசித்துக் காட்டியவருள் ஒருவர் பிரசன்னா. அவர் வளர்ந்தது, நமக்கு அயலூரான இராணிப்பேட்டை!

மேலைச் செவ்வியல் முறையும் தமிழகத்துக்குப் புதிதன்று. லண்டன் டிரினிடி கல்லூரியின் தேர்வுகள் சென்னையில் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. மாஸ்டர் தன்ராஜிடம் மேலை இசை பயின்ற இளையராஜா அக்கல்லூரியின் செவ்வியல் கித்தார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் சந்திரசேகர் வாசித்த கித்தாரைக் கேட்டு, தானும் ஒரு கித்தார் வாங்க வேண்டும் என்று ஏங்காத இளைஞர் அக்காலத்தில் குறைவு. அந்தக் கருவியும் பாணியும் வேறாயினும், விரலால் சுரங்களைப் பிரித்து மீட்டும் அழகைத் தமிழர் காதுக்குப் பழக்கியதில் இத்தகைய பாடல்களுக்குப் பங்குண்டு. கொல்கத்தாவிலோ செவ்வியல் கித்தார்ச் சங்கம் அமைந்து, பன்னாட்டு விழாவும் போட்டியும் நடத்திக் காட்டியிருக்கிறது.

சுவரில் தொங்கும் கித்தார்

ஆயினும் நம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நாம் காண்பது என்ன? ஆசையோடு ஓர் இளைஞன் கித்தார் வாங்குகிறான். தனியே கற்கிறான். கைப்பேசித் திரையைப் பார்த்து விரலை வைக்கிறான். ஓராண்டில் நான்கு பாட்டு வருகிறது. கேட்க எவரும் இல்லை. பிழையைச் சொல்லவும் எவரும் இல்லை. தேர்வு எழுதினாலும் அவன் வாசிப்பைக் கேட்பவர் தேர்வாளர் ஒருவரே. மெல்ல மெல்லக் கித்தார் சுவரில் ஏறுகிறது, தந்தி கறுக்கிறது, தூசு படிகிறது. விற்றுவிட்டால் அந்த ஆசையும் முடிந்தது. குறை அவன் விரலில் இல்லை. அவனைச் சுற்றி வட்டம் இல்லை, அவ்வளவே.

தறியில் இருப்போர் இதை எளிதில் உணர்வர். ஒருவர் தனியாக நெய்வதுபோல் தோன்றும். ஆனால் பாவு புணைப்பவர், சாயம் தோய்ப்பவர், அச்சு கட்டுபவர், ஊடைக்குத் தார் சுற்றித் தரும் வீட்டுப் பெண்கள் ஆகிய இத்தனை பேர் சூழ நின்றால்தான் ஒரு சேலை இறங்கும். அவர்களுள் ஒவ்வொருவராக வேறு தொழிலுக்குப் போய்விட்டால், தறி இருக்கும், நெசவு இராது. 2008இல் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். கையைக் காப்பது சுற்றியுள்ள கைகளே.

கித்தார் தந்தியிலிருந்து பட்டு போனது, கலை போகவில்லை. ஏனெனில் நாற்பது பேர் ஓர் அறையில் கூடிக் கேட்பதை விடவில்லை. யாழ் போயிற்று, ஏனெனில் அதைச் சுற்றியிருந்த பாணர் கூட்டம் கலைந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்போமாயின் நாம் செய்யத்தக்கது புலப்படும்.

நம் கல்லூரியில் இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. திங்களில் ஒரு மாலை, ஒரு வகுப்பறை, முப்பது நாற்காலி போதும். கித்தார் வைத்திருப்பவர் கித்தாரோடு வரட்டும். வீணையோ புல்லாங்குழலோ பயில்பவர் அதனோடு வரட்டும். உடுக்கை அறிந்தவர் வந்தால் இன்னும் நன்று. ஒலிபெருக்கி மட்டும் வேண்டாம். வாசிக்கத் தெரியாதவர் வந்து அமைதியாக அமர்ந்து கேட்கட்டும். கேட்பவரும் வட்டத்தில் ஒரு கண்ணியே. முதல் மாலையில் பிழைகளே மிகுந்திருக்கும். இருக்கட்டும். பாவின் முதல் முழம் எந்த நெசவாளிக்கும் செம்மையாக அமைவதில்லை. அதற்காக எவரும் பாவை அறுத்து விடுவதும் இல்லை.

சுவரில் தொங்கும் கித்தார்களை இறக்குவோம், நண்பர்களே! தூசு தட்டி, புதுத் தந்தி பூட்டிக் கொண்டு வாருங்கள். கேட்க நாங்கள் இருக்கிறோம்.